அடையாளம் அக்கா வீட்டுக் கிளிப்

குடையை விரித்து, கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, மறுபடி மடக்கித் தன் பக்கமே வைத்துக்கொண்டு கேட்கிறார் அக்கா: "உங்க குடைதான்னு சொல்றீங்க. சரி. அடையாளம் சொல்லுங்க."

"கறுப்புக் குடைங்க."

"ஊர்ல பாதிப் பேர் குடை கறுப்புதான். வேற?"

"மடக்குற குடை..."

"நான் மடக்கினத இப்ப நீங்க பாத்தீங்க. அது அடையாளம் இல்ல, வேடிக்கை. வேற?"

எதிரே நிற்பவர் மழையில் தொப்பலாக நனைந்தவர். தலையிலிருந்து சொட்டும் நீரைத் துடைத்தபடி யோசிக்கிறார். கைப்பிடியில் ஒரு மூலை லேசாக உருகியிருக்கும், அடுப்புப் பக்கத்தில் வைத்தது என்று அவருக்கு ஞாபகம் வந்த பிறகுதான் குடை கை மாறுகிறது. அவர் படியிறங்கிப் போன பிறகும் அக்காவுக்கு முழுத் திருப்தி இல்லை. "சொந்தக் குடையப் பத்திச் சொல்ல இவ்வளவு நேரம் எதுக்கு?" என்று என்னைப் பார்த்துக் கேட்கிறார்.

எங்கள் பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள் அறைக்குப் பொறுப்பு அக்கா. எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது என் வேலை. இரண்டு அறைகளுக்கும் நடுவே பலகைத் தடுப்பு. அதில் தள்ளித் திறக்கும் கண்ணாடிச் சன்னல் ஒன்று. அந்தச் சன்னல் வழியாகத்தான் எனக்கு அக்காவைத் தெரியும். 'அடையாளம் அக்கா' என்று பெயர் வைத்தவர்கள் நடத்துநர்கள். அவர் காதுபடவே அழைப்பார்கள். கோபப்பட மாட்டார், முதலில் வைத்தது யார் என்று மட்டும் விசாரிப்பார்.

ஐம்பதை நெருங்குகிற, ஒடிசலான உருவம். மூக்குக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தால் ஓய்வு. மூக்குக்கு இறங்கிவிட்டால் விசாரணை. தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தால் முகர்ந்த பிறகுதான் குடிப்பார், தானே நிரப்பி எடுத்து வந்ததாக இருந்தாலும். தேநீர்க்காரர் சர்க்கரை போடவில்லை என்று சத்தியம் செய்தால், முதல் வாயை எனக்குக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். சுவர்க் கடிகாரத்தைக் கைபேசியோடும், கைபேசியை என் அறைக் கடிகாரத்தோடும் ஒப்பிடுவது தினசரி வழக்கம். ஒரு நாள் மூன்றும் ஒரே நேரம் காட்டின. "மூணும் சேர்ந்து தப்பா இருக்கலாம்ல?" என்றார்.

அவர் அறை அலமாரிகளில் இல்லாத பொருள் இல்லை. ஒற்றைச் செருப்புகள், மதிய உணவு டப்பாக்கள், குழந்தையின் கம்பளித் தொப்பி, ஓர் ஊன்றுகோல். ஊன்றுகோலை மறந்துவிட்டு ஒருவர் எப்படிப் பேருந்திலிருந்து இறங்கி நடந்திருப்பார் என்பது அக்காவின் நெடுநாள் சந்தேகம். நடுத்தட்டில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பெட்டிகள். அவற்றில் இருப்பவை பல் கிளிப்புகள். கோணல் பல்லுக்குக் கம்பி கட்டி, அந்தக் கம்பியைக் கழற்றிய பிறகு பற்கள் நகராமல் இருக்கப் போட்டுக்கொள்கிற ரிட்டெய்னர். மேலண்ணத்தில் ஒட்டி உட்காரும் ஒரு வண்ணத் தகடு, முன்பற்களை அணைத்தபடி ஒரு மெல்லிய கம்பி. ஏதாவது கொறிப்பதற்காகக் கழற்றுவார்கள், மடியில் வைப்பார்கள், நிறுத்தம் வந்ததும் எழுந்து போய்விடுவார்கள்.

தேடி வருகிறவர்களிடம் அக்கா இதற்கு மட்டும் அடையாளம் கேட்பதில்லை. குழாயைக் காட்டுவார். "நல்லா கழுவிட்டு வாயில போட்டுக் காட்டுங்க. உங்களுதுன்னா உக்காரும். இல்லன்னா உக்காராது." உலகத்தில் பொய் சொல்லத் தெரியாத ஒரே பொருள் பல் கிளிப்தான் என்பது அவர் கட்சி.

இந்தக் கட்சிக்கு அவர் வந்து சேர்ந்தது மகளால். கணவர் கப்பலில் சமையல்காரர். வீட்டில் இருக்கும் நாட்கள் குறைவு. கல்லூரிக்குப் போகும் மகளும் அக்காவும்தான் வீடு. மகளுக்கு முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே பெரிய சந்து இருந்தது. சின்ன வயதிலிருந்தே வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கிற பெண். கம்பி கட்டி, அது கழன்ற அன்று நேராக இங்கே வந்து, என் அறையின் வெளிச் சன்னலில் முகத்தை வைத்து, எந்தக் காரணமும் இல்லாமல் சிரித்துக் காட்டினாள். பெண்ணுக்கு இவ்வளவு பெரிய சிரிப்பு இருந்ததா என்று நான் அசந்துபோனேன்.

பல் மருத்துவரைப் பற்றி அக்கா அன்று பேசியதுபோல் வேறு யாரைப் பற்றியும் பேசிக் கேட்டதில்லை. "என்ன சொன்னாரு தெரியுமா? கம்பியக் கழட்டினதும் முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க, இனிமேத்தான் இருக்குன்னாரு. பல்லப் பிடிச்சிருக்கிற எலும்பும் ஈறும் இன்னும் இறுகலியாம். விட்டா பழைய எடத்துக்கே திரும்பிடுமாம். இப்போதைக்கு சாப்பிடறப்பவும் பல் தேய்க்கறப்பவும் மட்டும்தான் கிளிப்பக் கழட்டலாம். அப்புறம் தூங்கறப்ப மட்டும் போட்டாப் போதும், ஆனா வருஷக்கணக்கா போடணும். கடைசியா இவளப் பாத்துச் சொன்னாரு பாரு: 'நீ போடறியா இல்லையான்னு நான் கேக்க மாட்டேன்மா. வாய் சொல்றத நான் நம்பறதில்ல. வாயைக் காட்டு, போதும்.' மனுஷன்னா அவரு!"

தன்னைவிட ஒரு படி மேலே சந்தேகப்படுகிற ஆளை அக்கா வாழ்க்கையில் முதல்முறை சந்தித்திருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு பிற்பகல், தெற்கு வழித்தடத்து நடத்துநர் ஒருவர் கை நிறையப் பொருள்களோடு வந்தார். ஒரு கையுறை, ஒரு தண்ணீர்க் குவளை, ஒரு பெட்டி. அக்கா பெட்டியைத் திறந்தார். கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. கடல்பச்சை நிறத் தகடு, அதற்குள் வெள்ளிப் பொடி தூவியதுபோல் மினுமினுப்பு. அந்த நிறம்தான் வேண்டும் என்று மகள் மருத்துவமனையில் ஒற்றைக் காலில் நின்ற கதை எனக்குத் தெரியும்.

"எந்த சீட்ல கெடந்துச்சு?"

"எனக்கென்னக்கா தெரியும்? கடைசி ஸ்டாப்புல வண்டியப் பெருக்கறப்ப கெடச்சது."

"எந்தக் கடைசி ஸ்டாப்பு?"

"எங்க வண்டிக்கு ஒரு கடைசிதானக்கா இருக்கு. பாலத்துக்கு அந்தப் பக்கம்."

நடத்துநர் போனதும் அக்கா பெட்டியை நடுத்தட்டில் வைக்கவில்லை. தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, தடுப்பருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"காலேஜ் வடக்க. வீடும் வடக்க. இது தெற்க போற பஸ்ல கெடந்திருக்கு. பல்லு மட்டும் தனியாவா போச்சு?"

"கேட்டுடுங்களேன் அக்கா."

"கேக்க மாட்டேன். தொலைச்சவ வந்து சொல்லட்டும்."

அன்று மாலை மகள் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. "கிளிப் போட்டியா?" என்று இவர் வழக்கம்போலக் கேட்கிறார். அறைக்குள்ளிருந்து அவளும் வழக்கம்போல, "போட்டாஷ்ஷும்மா, பழகிடுஷ்ஷு" என்கிறாள். தகடு வாயில் இருந்தால் நாக்கு இடறும். அந்த இடறலை அவள் இல்லாத தகட்டுக்காக நடித்துக்கொண்டிருந்தாள். அக்கா இதை என்னிடம் சொல்லும்போது கண்ணில் வேட்டைக்காரனின் பளபளப்பு. "சகரம் மட்டும் வழுக்குது. ழகரம் கணீர்னு வருது. நெஜமாவே தகடு இருந்தா நாக்கு மேல போய் 'பழ'ன்னு அவ்ளோ சுத்தமா சொல்ல முடியுமா? நடிக்கறதையாவது ஒழுங்கா நடிக்க வேணாமா?"

யாராவது பையன் இருப்பான் என்பது முதல் சந்தேகம். படிப்பை விட்டுவிட்டு வேலை தேடுகிறாளோ என்பது அடுத்தது. மகளின் செருப்பைத் திருப்பிப் பார்த்து, ஒட்டியிருக்கும் மண் எந்தப் பக்கத்து மண் என்று ஆராய்ந்தார். பையில் பயணச்சீட்டு இருக்கிறதா என்று தேடினார். ஒன்றும் கிடைக்காதது சந்தேகத்தை இன்னும் கூட்டியது. "இவ்வளவு சுத்தமா ஒரு பை இருக்குன்னா, யாரோ சுத்தம் பண்ணிருக்காங்கன்னு அர்த்தம்."

நாட்கள் போயின. எனக்குப் பொறுக்கவில்லை. "பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. உங்க வீட்ல சொல்லு இல்லாம பல்லு போகுதே அக்கா. டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? குடுத்துடுங்க."

"எல்லாம் ஞாபகம் இருக்கு. பல்லு கொஞ்சம் நகந்தா பரவால்ல. பொய் எவ்வளவு தூரம் நகருதுன்னு பாக்கணும்."

சொன்னாரே தவிர, அவர் குரலில் பழைய உறுதி இல்லை. வேலைக்கு நடுவே இழுப்பறையைத் திறப்பார், பெட்டியைத் தொடுவார், பூட்டுவார். சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து மகளின் வாயையே பார்ப்பதாகச் சொன்னார். முதலில் ஒன்றும் தெரியவில்லையாம். பிறகு இரண்டு முன்பற்களுக்கும் நடுவே ஒரு கோடு. அது நிழலாக இருக்கலாம் என்று விளக்கை மாற்றிப் பார்த்தாராம். விளக்கு மாறியது, கோடு மாறவில்லை. ஒரு நாள் தொலைபேசியில் அப்பா ஏதோ கிண்டல் செய்ய, மகள் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் கையை வாய்க்குக் கொண்டுபோனாளாம். அதைச் சொல்லிவிட்டு அக்கா போய் இழுப்பறைப் பூட்டை இழுத்துப் பார்த்தார். நான் இரண்டு பேருந்துகளை அறிவித்து முடித்தேன்.

"இன்னிக்கே குடுத்துடுங்க" என்றேன் மறுபடி.

"நாளைக்கு" என்றார்.

அந்த நாளையில்தான் மகள் வந்தாள். அம்மா சாப்பிடப் போகும் நேரம் பார்த்து வந்திருந்தாள். தொலைந்த பொருள் அறைப் பக்கம் போகாமல் நேராக என் வெளிச் சன்னலுக்கு வந்தாள்.

"ஆன்ட்டி, அம்மா சாப்பிடப் போயிட்டாங்களா?"

"போயிருப்பாங்க."

"எனக்கு ஒரு உதவி. பல் கிளிப் ஏதாவது வந்திருக்கான்னு பாத்துச் சொல்றீங்களா? பச்சைக் கலரு. எல்லா டிப்போலயும் கேட்டுட்டேன். இங்க கேக்கத்தான் பயமா இருந்துச்சு. அம்மாகிட்ட சொல்லாதீங்க. எனக்குப் பல்லு விலகுது ஆன்ட்டி." நாக்கு நுனியால் முன்பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பேசினாள். கண் கலங்கியிருந்தது.

நான் பக்கத்து அறையை எட்டிப் பார்க்கத் திரும்பினேன். அதற்குள் தடுப்புக்கு அந்தப் பக்கம், அலமாரிக்குப் பின்னாலிருந்து அக்கா வந்தார். அன்று அவர் சாப்பிடப் போகவே இல்லை. மகள் வரும் நேரம் அதுதான் என்று எப்படியோ கணக்குப் போட்டு, பெட்டிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்திருக்கிறார். கண்ணாடி மூக்கில் இருந்தது. மகளை அடையாளம் தெரியாதவர்போல் கேட்டார்:

"சொல்லுங்க. என்ன தொலைஞ்சது? எந்தப் பஸ்ல?"

மகள் தயங்கித் தயங்கி அந்த அறைக்குள் போய் நின்றாள். அக்கா இழுப்பறையைத் திறந்து பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். மகள் பெட்டியைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"இங்கயா இருந்துச்சு? எவ்வளவு நாளா?"

"அத நீ சொல்லு. நீதான தொலைச்ச?"

"தினமும் என் எதுர்ல உக்காந்து சாப்பிட்ட. என் பல்லு விலகுறதப் பாத்துட்டே இருந்தியாம்மா?"

 அக்காவிடம் கேள்விதான் இருந்தது. "பாலத்துக்கு அந்தப் பக்கம் உனக்கு என்ன வேலை? யாரு அவன்?"

"அவனா? பெரியம்மாவப் பாக்கப் போனேன்."

'எனக்கு அக்கா ஒருத்தி இருந்தாள்' என்று இவர் எப்போதோ ஒருமுறை சொல்லியிருந்தார். 'இருந்தாள்' என்றதால், இறந்துபோனவர் என்றே நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். இறக்கவில்லை. இவர்களுடைய அம்மா இறந்தபோது அவர் விரலில் கிடந்த மோதிரம் காணாமல் போயிருக்கிறது. கடைசிவரை பக்கத்தில் இருந்தவர் மூத்தவர். "நீதானே எடுத்த?" என்று இவர் கேட்டிருக்கிறார். மூத்தவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, எழுந்து போய்விட்டார். பிறகு எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறார் என்பதுகூட இவருக்குத் தெரியாது. இதெல்லாம் பிற்பாடு மகள் சொல்லி நான் அறிந்தவை. அந்த நேரத்தில் நான் பார்த்தது, அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டதை மட்டும்தான்.

"அவள எப்பிடி உனக்குத் தெரியும்?"

"பஸ்ல பாத்தேன். இல்ல, அவங்கதான் என்னைப் பாத்தாங்க. பக்கத்துல வந்து உக்காந்து, நீ என் தங்கச்சி பொண்ணுதானேன்னாங்க. என்கிட்ட எந்த அடையாளமும் கேக்கலம்மா."

அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், மறுபடி மூக்குக்கு இறக்கினார்.

"அவங்களுக்கு இப்ப காது சுத்தமா கேக்காது. உதட்டப் பாத்துதான் புரிஞ்சிக்குவாங்க. கிளிப்போட பேசினா எனக்கு வாய் கோணுது, அவங்களுக்குப் புரியல. அதனாலதான் எறங்கறதுக்கு முன்னாடி கழட்டுவேன். அன்னிக்குப் பெட்டி நழுவிடுச்சு. உன்கிட்ட சொன்னா எங்க கழட்டின, ஏன் கழட்டினன்னு கேப்ப. போகவே விட மாட்ட."

பெட்டியைத் திறந்து, குழாயில் கழுவி, தகட்டை வாயில் வைத்து அழுத்தினாள். உட்காரவில்லை. கட்டைவிரலால் தள்ளினாள். வலியில் முகம் சுருங்கியது. ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் எழும்பியது. அக்கா கை நீட்டி உதவப் போனார். மகள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். இன்னொருத்தியின் கிளிப்பைத் தன்னுடையது என்று சொல்லிப் பிடிபட்டவள்போல அவள் அங்கே நின்றது எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது. வெளியே இரண்டு வண்டிகள் அறிவிப்புக்காகக் காத்திருந்தன. நடத்துநர் ஒருவர் கண்ணாடியைத் தட்டிய பிறகுதான் எனக்கு வேலை ஞாபகம் வந்தது.

மறுநாள் இருவரும் பல் மருத்துவரிடம் போனார்கள். அவர் மகளின் வாயைப் பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பினாராம். "போடாம விட்டிருக்கீங்க. எங்க போட்டுத் தொலைச்ச?"

மகள் பேச வாயெடுப்பதற்குள் அக்கா சொன்னாராம்: "தொலைக்கல டாக்டர். என்கிட்டதான் இருந்துச்சு. நான் குடுக்கல."

மருத்துவருக்கு அது புரியவில்லை. மறுபடி கேட்டார். அக்கா மறுபடியும் அதையே சொன்னார். இதை என்னிடம் சொன்னபோது மகளின் குரலில் கோபம் இருந்தது. ஆனால் பழைய கோபம் இல்லை.

மருத்துவர் முன்கம்பியை இறுக்கிக் கொடுத்தார். நாள் முழுக்கப் போட வேண்டும், வலிக்கும், அடிக்கடி வந்து காட்ட வேண்டும், சந்து மூடவில்லை என்றால் மறுபடி கம்பி கட்டுவதைத் தவிர வழியில்லை என்றார். அடுத்த வாரங்களில் மகள் கஞ்சியும் பிசைந்த சாதமுமாகச் சாப்பிட்டாள். இந்த முறை பெரியம்மா வீட்டுக்குப் போனாலும் கழற்றவில்லை. சொல்ல வேண்டியதைக் கைபேசியில் தட்டிக் காட்டினாள். பற்கள் ஒருவழியாகத் திரும்பி வந்தன. நூல் நுழையும் அளவு இடைவெளி மட்டும் நின்றுவிட்டது. இனி அது போகாது என்கிறார் மருத்துவர்.

இதனால் அக்கா திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். குடைக்கு இன்னும் அடையாளம் கேட்கிறார். தேநீரின் முதல் வாய் இன்னும் எனக்குத்தான். வீட்டில் மட்டும் "கிளிப் போட்டியா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டாராம். கேட்கத் தோன்றும்போது எழுந்து போய்ப் பாத்திரம் துலக்குகிறாராம். "வீட்ல பாத்திரமெல்லாம் பளபளன்னு இருக்கு ஆன்ட்டி" என்கிறாள் மகள்.

மோதிரத்தைப் பற்றி நானே ஒரு நாள் கேட்டேன். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ எடுத்திருப்பான்னு இன்னிக்கும் தோணுது. எடுத்திருக்க மாட்டான்னும் தோணுது. ரெண்டுல எது தோணினாலும் தூக்கம் வரல."

போன சனிக்கிழமை மதியம் அவர் விடுப்பு கேட்டு வாங்கியிருந்தார். தெற்கு வழித்தட நடைமேடையில் மகளோடு நின்றார். மன்னிப்புக் கேட்கப் போகிறாரா, மோதிரத்தைத் தேடப் போகிறாரா என்று, அக்காவோடு பழகிய தோஷம், எனக்குச் சந்தேகம் வந்தது. வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கிப் போனார். மகள் தண்ணீர் வாங்கப் போகுமுன் அம்மாவின் முன்னால் நின்று, வாயை அகலத் திறந்து, பெரியம்மாவிடம் பேசுவதுபோல் மெதுவாக எதையோ சொல்லிக் காட்டிவிட்டுப் போனாள்.

அக்கா இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். யாரும் கவனிக்கவில்லை என்று உறுதியானதும் பேருந்தின் பக்கக் கண்ணாடிக்கு நேராகப் போய் நின்றார். குதிகாலை உயர்த்தி, முகம் முழுதாகத் தெரியும்படி சரிசெய்துகொண்டு, சத்தமே இல்லாமல் உதட்டை அசைத்தார். சின்னச் சொல்தான். ஒருமுறை சொல்லி, தலையை ஆட்டி, அழித்தார். மறுமுறை வாயை இன்னும் அகலமாகத் திறந்தார். கூச்சமாக இருந்திருக்க வேண்டும்; முந்தானையால் உதட்டைத் துடைத்தார். பிறகு கண்ணாடிக்கு இன்னும் கிட்டே போய், மறுபடி முதலெழுத்தான 'அ'விலிருந்து தொடங்கினார்.